வீட்டுக் கடனும் வீட்டுக் கணக்கும்

கடன் என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. பிறரிடம் வாங்கிப் பின்னர் திருப்பிக் கொடுக்கும் பணமுங் கடன். ஒருவர் செய்தே தீரவேண்டிய கருமமுங் கடன். பிள்ளைகளைப் படிப்பித்தல் கடன், பெற்றோரைப் பேணுதல் கடன் என்று நம் முதியோர் கூறும்பொழுது அங்கே வட்டிக்கு இடமில்லை. ஆனால், இவ்விரு பொருளும் ஒருங்கே வந்து ஒரு குடும்பத்தின் தோளில் அமருங் காலம் ஒன்றுண்டு. அது வீடு கட்டுங் காலம். பிள்ளைகளுக்கு ஒரு கூரை அமைத்துக் கொடுத்தல் பெற்றோர் கடன். அதன்பொருட்டு வங்கியிலே வாங்குவதுங் கடன். முன்னதை நினைத்து உருகும் மனம் பின்னதற்குக் கணக்குப் பார்க்கத் தவறுமாயின், கட்டிய வீடே கைநழுவிப் போகவுங் கூடும்.

எமது குடும்பம் 2024 ஆம் ஆண்டிலே இந்நிலைக்கு வந்தது. எம் இல்லாளுக்குச் சீதனமாகக் கிடைத்த மூன்று பரப்புக் காணி வலிகாமத்தின் ஒரு கிராமத்தில் உளது. அதில் அவருடைய பாட்டனார் கட்டிய கல்வீடொன்று இருந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்ததன் பின் அதன் கூரை போயிற்று. கதவு நிலைகளும் போயின. சுவர்களிற் சில மாத்திரம் எஞ்சி நின்றன. நாமோ பல ஆண்டுகளாக நகரத்தில் வாடகை வீட்டிலே வாழ்ந்து வந்தோம். நாம் ஆசிரியத் தொழில் புரிபவர். இல்லாள் அரசாங்கக் கந்தோரொன்றிலே எழுதுவினைஞர். மகள் உயர்தர வகுப்பிலே வர்த்தகம் படிக்கின்றாள். மகன் அவளுக்கு இளையவன். எம் வயது நாற்பத்தைந்து. ஓய்வு பெறுதற்குப் பதினைந்து ஆண்டுகளே இருந்தன. சேமிப்போடு 50 இலட்சம் ரூபா கடனாகக் கிடைக்குமாயின் பழைய அத்திவாரத்தின் மீதே ஒரு வீட்டை எழுப்பலாம் என்று மேசன் கணக்குச் சொன்னார். அதற்கு ஈடாக வைக்கக் கூடியது அந்த மூன்று பரப்பு ஒன்றே. அது எம் இல்லாளுக்கு மாத்திரமன்று, நாளை எம் மகளுக்கும் உரியது என்று உறவினர் கருதியிருந்த காணி. ஆகவே, யாரிடங் கடன் வாங்குவது என்பதை ஆறுமாத காலம் ஆராய்ந்தோம். அவ்வாராய்ச்சியில் நாம் கற்றவற்றை வாசகர்களுக்கும், குறிப்பாக மாணவர்களுக்கும், பயன்படும் என்றெண்ணி இங்கே எழுதுகின்றோம்.

காணியை வைத்துப் பணம் பெறுதல் நம்மவர்க்குப் புதியதன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டிலே தொகுத்து முடிக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்திலேயே ஒற்றி விரிவாகப் பேசப்படுகின்றது. ஒற்றியிலே பணங் கொடுத்தவர் காணியைத் தம் கைக்கு எடுத்து அதன் பயனை அநுபவிப்பார். அப்பயனே அவருக்கு வட்டி. காணிக்காரர் முதலைத் திருப்பிக் கொடுத்துக் காணியை மீட்பார். ஈடு என்பது வேறு. ஈட்டிலே காணி உடையவர் கையிலேயே இருக்கும். அவர் வட்டியும் முதலும் இறுத்து வருவார். இறுக்கத் தவறினாலே காணிக்கு ஆபத்து. இன்று வங்கிகள் வீட்டுக் கடனுக்குப் பெறுவது ஈட்டு உறுதியேயாம். ஒற்றியிலே இழப்பது கண்ணுக்குத் தெரியும், ஏனெனில் தேங்காயை வேறொருவர் பறித்துக்கொண்டு போவார். ஈட்டிலே இழப்பது கண்ணுக்குத் தெரியாது. அது தவணைச் சீட்டிலே எண்ணாக மறைந்து கிடக்கும். ஆதலால் ஈடு வைப்போருக்குக் கணக்கறிவு இன்றியமையாதது.

இலங்கையிலே வீட்டுக்கென்று நீண்டகாலக் கடன் கொடுக்கும் நிலையங்கள் தோன்றி நூறு ஆண்டுகள் ஆகவில்லை. இலங்கை அரச ஈட்டு வங்கி 1931 ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்டது. அது 1979 ஆம் ஆண்டிலே பிறிதொரு கூட்டுத்தாபனத்துடன் இணைக்கப்பட்டு அரச ஈட்டு முதலீட்டு வங்கி ஆயிற்று. வீடமைப்பு அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபனம் என்று இன்று அறியப்படும் வங்கி 1984 ஆம் ஆண்டிலே ஒரு கட்டடச் சங்கமாகத் தொடங்கியது. இவற்றோடு தேசிய சேமிப்பு வங்கியும், 1939 இல் தொடங்கிய இலங்கை வங்கியும், 1961 இல் தொடங்கிய மக்கள் வங்கியும், தனியார் வங்கிகளும் வீட்டுக் கடன் கொடுக்கின்றன. இவையன்றி நிதிக் கம்பனிகளும், கூட்டுறவுச் சங்கங்களும், கிராமத்துத் தனிப்பட்ட கடன்காரர்களும் உளர். இத்தனை வாசல்கள் இருக்க எந்த வாசலிற் போய் நிற்பது?

முதலிலே எம்மைத் தேடி வந்தது கிராமத்து வாசல். இல்லாளின் உறவினரான முதியவர் ஒருவர், "தம்பி, வங்கி வங்கி என்று அலைவானேன்? எனக்குத் தெரிந்த ஒருவர் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குத் தருவார். நாளைக்கே பணம்" என்றார். இரண்டு என்னும் எண் மிகச் சிறியதாகத் தோன்றும். ஆனால் அது மாதக் கணக்கு. ஆண்டுக்கு அது நூற்றுக்கு 24 வீதமாகும். மாதம் மூன்று என்றால் ஆண்டுக்கு 36 வீதம். வங்கிக்காரர் ஆண்டுக் கணக்கிலே பேசுவார். கிராமத்தவர் மாதக் கணக்கிலே பேசுவார். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தாலன்றி எது பெரிது என்று தெரியாது.

அக்கடன்காரர் மற்றொரு நிபந்தனையும் வைத்தார். ஈட்டு உறுதி வேண்டாமாம். காணியைத் தம் பெயருக்கு அறுதியாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பணந் திரும்பியதும் மீண்டும் எழுதித் தருவாராம். இவ்வழக்கம் நாட்டின் பல பாகங்களிலும் உண்டு. அறுதி உறுதி எழுதிய கணமே உரிமை கைமாறி விடுகின்றது. பின்னர் எஞ்சுவது வாய்ச்சொல் ஒன்றே. வாங்கியவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் இறந்துபோனால் அவருடைய பிள்ளைகளுக்கு அவ்வாய்ச்சொல் தெரியுமா? அதனை நிரூபிக்க நீதிமன்றப் படிகளில் எத்தனை ஆண்டுகள் ஏறி இறங்க வேண்டும்? முதியவரின் அன்புக்கு நன்றி கூறி அவ்வாசலை விட்டு வந்தோம்.

அடுத்தது ஒரு நிதிக் கம்பனி. அங்கே ஓர் இளைஞர் இனிமையாகப் பேசினார். "ஐயா, வங்கிகள் பன்னிரண்டு, பதின்மூன்று கேட்கும்போது நாம் பத்து வீதத்துக்கே தருகின்றோம்" என்றார். இஃது எவ்வாறு இயலும் என்று எம் மகளிடங் கேட்டோம். அவள் பாடசாலைக் கொப்பியிலே கணக்குப் போட்டாள். 10 இலட்சம் ரூபாவை ஐந்து ஆண்டுகளுக்கு 10 வீதத்தில் வாங்கினால், அவர்கள் முழுத் தொகைக்கும் ஐந்து ஆண்டு வட்டியையும் முன்கூட்டியே கணக்கிட்டு, 5 இலட்சத்தை முதலோடு கூட்டி, 15 இலட்சத்தை அறுபது மாதங்களாற் பிரித்து மாதம் 25,000 ரூபா கேட்கின்றார்கள். ஆனால் நாம் மாதந்தோறும் முதலிலே ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து வருகின்றோமல்லவா? ஐந்தாம் ஆண்டிலே எம் கையில் எஞ்சியிருப்பது சிறு தொகையே. அப்பொழுதும் 10 இலட்சத்துக்கே வட்டி கட்டுகின்றோம். குறைந்து செல்லும் மீதிக்கு மாத்திரம் வட்டி கணக்கிடும் வங்கி முறைப்படி பார்த்தால், இந்தப் பத்து வீதம் உண்மையில் ஆண்டுக்கு 17 வீதத்துக்கும் மேலாகின்றது. பத்து என்று சொன்னதிலே பொய்யில்லை. எதன் மீது பத்து என்று சொல்லாமல் விட்டதிலேயே சூட்சுமம் இருந்தது. ஆகவே வட்டி வீதத்தைக் கேட்குமுன், அது முழுத் தொகைக்கா, குறைந்து செல்லும் மீதிக்கா என்று கேட்க வேண்டும்.

அதன் பின்னர் வங்கிகளை நாடினோம். அங்கேயும் ஒரு பெரும் பிரிவு உண்டு. வட்டி வீதம் நிலையானதா, மாறுவதா என்பதே அது. இதன் பொருளை எமக்கு உணர்த்தியவர் எம்மோடு படிப்பிக்கும் நண்பர் ஒருவர். அவர் 2021 ஆம் ஆண்டிலே, வட்டி மிகக் குறைவாக இருந்த வேளையில், மாறும் வீதத்திலே வீட்டுக் கடன் எடுத்தார். அவருடைய ஒப்பந்தத்திலே வட்டியானது சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதத்தோடு கட்டப்பட்டிருந்தது. வர்த்தக வங்கிகள் தம் தலைசிறந்த வாடிக்கையாளர்க்குக் குறுங்காலக் கடன் கொடுக்கும் வட்டியின் சராசரியே அது. மத்திய வங்கி அதனை வாரந்தோறும் வெளியிடுகின்றது. 2021 இறுதியிலே அது 9 வீதத்துக்குக் கீழே நின்றது. 2022 ஆம் ஆண்டு நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. அவ்வாண்டு ஏப்ரில் மாதத்திலே மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 புள்ளிகளால் உயர்த்தியது. துணைநில் கடன்வழங்கல் வசதி வீதம் 7.50 இலிருந்து 14.50 ஆயிற்று. ஆண்டு முடியுமுன் முன்சொன்ன சராசரி வீதம் 27 ஐத் தாண்டியது. சம்பளம் ஒரு சதமேனும் உயராத காலத்தில் நண்பரின் தவணை இருமடங்கை எட்டியது. அவருடைய மனைவியின் நகைகள் ஒவ்வொன்றாக அடைவு கடைக்குப் போயின. வீடு தப்பியது, ஆனால் அவ்விரண்டு ஆண்டுகளில் அவர் முகத்திலிருந்த சிரிப்பு இன்னும் முற்றாகத் திரும்பவில்லை. 2023 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து வீதங்கள் இறங்கத் தொடங்கின. எனினும், இறங்குவதற்கு முன் ஏறியதை எவரும் மறக்கலாகாது.

இனி மாணவர்களும் பெற்றோரும் சேர்ந்து பார்க்கத்தக்க கணக்கு ஒன்று. எம் மகள் போட்ட அட்டவணையையே தருகின்றோம். கணக்கு எளிதாதற் பொருட்டு வட்டியை ஆண்டுக்கு 12 வீதம், அதாவது மாதத்துக்கு 1 வீதம் என்று கொண்டாள். கடன் 50 இலட்சம் ரூபா. இருபது ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை 55,054 ரூபா. முடிவிலே கட்டும் வட்டி மாத்திரம் ஏறக்குறைய 82 இலட்சம். பதினைந்து ஆண்டுகளாயின் தவணை 60,008 ரூபா. வட்டி ஏறக்குறைய 58 இலட்சம். பத்து ஆண்டுகளாயின் தவணை 71,735 ரூபா. வட்டி ஏறக்குறைய 36 இலட்சம். மாதம் ஐயாயிரம் ரூபாவைக் கூடுதலாகக் கட்ட வல்லவர் இருபதைப் பதினைந்தாக்கி 24 இலட்சத்தை மிச்சம் பிடிக்கலாம். வங்கியிலே விளம்பரத் தாளைப் பார்ப்பவர் கண்ணிலே படுவது மிகக் குறைந்த தவணை. அதற்குள்ளே ஒளிந்திருப்பது மிகக் கூடிய வட்டி.

அவள் மேலும் ஒன்று காட்டினாள். இருபது ஆண்டுக் கடனிலே முதன்மாதம் கட்டும் 55,054 ரூபாவில் 50,000 ரூபா வட்டிக்கே போய்விடும். கடனிலே குறைவது 5,054 ரூபா. பத்து ஆண்டுகள் தவறாது கட்டிய பின்னரும் 38 இலட்சத்துக்கு மேல் மீதி நிற்கும். காலத்திற் பாதி கழிந்தாலும் கடனிற் காற்பங்குகூடக் கழிந்திராது. இதே கடன் தொடங்கிய சில மாதங்களிலேயே வட்டி 24 வீதமாக உயர்ந்தால், ஒரு மாத வட்டி மாத்திரம் ஒரு இலட்சம் ரூபாவாகும். பழைய தவணை அதன் பாதியை மாத்திரமே நிரப்பும். நண்பருக்கு நேர்ந்தது என்னவென்று அன்றுதான் எமக்கு முற்றாக விளங்கியது.

அட்டவணையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த மகள் கொப்பியை மூடிவிட்டு, "அப்பா, எனக்குச் சீதனம் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. கடனை மாத்திரஞ் சீதனமாகத் தந்துவிடாதீர்கள்" என்றாள். இல்லாள் ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குள் எழுந்து போனார். அச்சொல் எம் இருவர் நெஞ்சிலும் நெடுநாள் நின்றது. அன்றிலிருந்து, எவ்வளவு பெறலாம் என்ற கேள்வியை விடுத்து, எவ்வளவு தாங்கலாம் என்று கேட்கத் தொடங்கினோம்.

வட்டிக்கு அப்பாலும் செலவுகள் உள. கடன் கைக்கு வருமுன்னரே அவை கையைக் கடிப்பவை. காணியை மதிப்பிடுபவருக்குக் கட்டணம், புதிய நில அளவைப் படத்துக்குச் செலவு, வீட்டின் படத்துக்கும் உள்ளூராட்சிச் சபையின் அனுமதிக்கும் செலவு, தெரு எல்லைச் சான்றிதழ், உரிமைச் சான்றிதழ், சோலைவரிச் சீட்டு ஆகியன பெறுதற்குச் செலவு, உறுதிகளை ஆராயும் சட்டத்தரணிக்குக் கட்டணம், ஈட்டு உறுதிக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும், வங்கி தன் வேலைக்கென அறவிடுந் தொகை, வீட்டுக்குத் தீக்காப்புறுதி, கடன்காரர் இறந்தால் கடனை அடைப்பதற்கு ஆயுட்காப்புறுதி. எம் கணக்கேட்டிலே இவையெல்லாம் இரண்டு இலட்சத்தைத் தாண்டின. கடைசியிற் சொன்ன காப்புறுதியை வீண் செலவென்று சிலர் குறைகூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. குடும்பத் தலைவர் கண்ணை மூடினாற் பிள்ளைகள் தெருவுக்கு வராதிருக்க அதுவே வேலி.

மதிப்பீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. மதிப்பீட்டாளர் அறிக்கையிலே இரு பெறுமதிகள் இருக்கும். ஒன்று சந்தைப் பெறுமதி. மற்றையது அவசரமாக விற்க நேர்ந்தாற் கிடைக்குந் தொகை. வங்கி பெரும்பாலும் குறைந்ததையே நோக்கி, அதிலும் ஒரு பகுதியையே கடனாகக் கொடுக்கும். அயலிலே பரப்பு என்ன விலைக்குப் போகின்றது என்பதை வைத்துக் கடனைக் கணக்கிடுவோர் ஏமாற்றம் அடைவர்.

எமக்கு நேர்ந்த பெருந்தடை உறுதியிலே வந்தது. வங்கியின் சட்டத்தரணி முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத உரிமை வரலாற்றைக் கேட்பார். எம் மாமியாரின் பழைய உறுதி 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்விலே தொலைந்து போயிற்று. இவ்வாறு உறுதி தொலைத்த குடும்பங்கள் வடக்கிலே அளவில. ஆனால் அச்சம் வேண்டியதில்லை. நொத்தாரிசு தாம் எழுதும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது சட்டம். உறுதி இலக்கமும், திகதியும், எழுதிய நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் அங்கே உறுதிப்படுத்திய பிரதியைப் பெறலாம். நாமும் பெற்றோம். அத்தோடு தோம்பும் எடுத்துப் பார்த்தோம். அங்கேதான் முள் இருந்தது.

1997 ஆம் ஆண்டிலே, ஊர் திரும்பிய பின், மாமியார் தம் மூத்த மகளின் கலியாணத்துக்காக அக்காணியை அயலவர் ஒருவருக்கு ஒற்றி வைத்திருந்தார். 2001 இலே பணத்தைக் கொடுத்து மீட்டும் விட்டார். இருவரும் நேர்மையானவர்கள், ஒரு தாளிலே கையெழுத்திட்டுக் கொண்டார்கள். ஆனால் மீட்சி தோம்பிலே பதியப்படவில்லை. இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்தும் தோம்பின்படி காணி ஒற்றியிலேயே கிடந்தது! அயலவர் காலமாகிவிட்டார், அவருடைய ஒரே மகன் ரொறன்ரோவிலே வாழ்கின்றார். தொலைபேசியிலே விடயத்தைச் சொன்னபோது அவர், "மாமி தந்த கொழுக்கட்டையின் ருசி இன்னும் நாக்கிலே இருக்கிறது. எங்கே கையெழுத்திட வேண்டும் என்று சொல்லுங்கள்" என்றார். அங்குள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலே அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினார். உரிமைப் பத்திரங்களைச் சீர்செய்து, மீட்சி உறுதி எழுதிப் பதிந்து முடிய நான்கு மாதங்கள் சென்றன. அவர் வேறு மனம் உடையவராக இருந்திருந்தால் எம் வீடு கடதாசியிலேயே நின்றிருக்கும். கடன் கேட்குமுன் தோம்பைப் பாருங்கள் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே. ஒற்றியோ ஈடோ தீர்ந்தவுடன் அதனைப் பதிந்து விடுதலும் வேண்டும்.

தோம்பு தெளிவாகிய பின் இரு வங்கிகள் எம் விண்ணப்பத்தை ஏற்கத் தயாராயின. ஒன்றின் அலுவல்களெல்லாம் கொழும்பிலே தீர்மானிக்கப்படுவன. வீதம் அரை வீதங் குறைவு. மற்றையது எம் நகரத்துக் கிளை. கொழும்பிலிருந்து வந்த கடிதத்திலே, காணிக்குத் தனிக் கிணறு இல்லை என்றும், ஒழுங்கை ஒடுக்கமானது என்றும் இரு குறைகள் கூறி மேலும் பத்திரங்கள் கேட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்து உறுதிகளிலே கிணற்றிற் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்படுவது வழக்கம். பங்குக் கிணறு குறையன்று. அது எழுத்திலுள்ள உரிமை. எம் நகரத்துக் கிளையின் உத்தியோகத்தரான பெண்மணி உறுதியை வாசித்தவுடனேயே அதனைக் கண்டுகொண்டார். "அம்மா, கிணற்றுப் பங்கு உறுதியிலேயே இருக்கிறது; இதற்கு வேறு பத்திரம் வேண்டாம்" என்று இல்லாளிடங் கூறினார். காணியையும் வந்து பார்த்தார்.

அதனினும் முக்கியமானது அவர் செய்த மற்றொரு காரியம். நாம் கேளாமலே ஒரு தாளை எடுத்து, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வீதம் நிலையானது, அதன் பின் எதனோடு சேர்ந்து மாறும், காலத்துக்கு முன் கடனைத் தீர்த்தால் என்ன கட்டணம், தவணை பிந்தினால் என்ன தண்டம், பணம் எத்தனை கட்டங்களாக விடுவிக்கப்படும் என்பவற்றை எழுதிக் காட்டினார். வீடு கட்டுங் கடனை வங்கி ஒரே முறையிற் கொடுப்பதில்லை. அத்திவாரம், சுவர், கூரை, முடிப்பு வேலை என்று ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துக் கொடுக்கும். எடுத்த தொகைக்கு மாத்திரமே அப்பொழுது வட்டி. கெட்ட செய்தியையும் அவர் மறைக்கவில்லை. தவணைகள் தவறுமாயின், 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அச்சட்டம் விதித்த வரம்புகளுக்கு உட்பட்டு, நீதிமன்றஞ் செல்லாமலே வங்கி தன் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தால் ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்க இயலும் என்றார். இவ்வதிகாரம் 2024 இலே சிறிது காலம் நிறுத்தி வைக்கப்பட்டது உண்மை. அதனை நம்பி எவரும் கடன் எடுத்தல் ஆகாது என்றும் எச்சரித்தார். இருவரின் பழைய கடன் வரலாற்றையும் கடன் தகவல் பணியகத்திலே பார்ப்போம் என்றுங் கூறினார். 1990 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அப்பணியகத்திலிருந்து ஒவ்வொருவரும் தம் அறிக்கையைத் தாமே பெற்றுப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

அரை வீத வேறுபாட்டை நாம் அலட்சியஞ் செய்யவில்லை. மகள் அதற்கும் கணக்குப் போட்டாள். ஆனால் கொழும்பு வங்கியின் குறைந்த வீதம் முதலாண்டுக்கு மாத்திரமே. பின்னர் அது மாறும் வீதம். ஐந்து ஆண்டு நிலையான வீதத்தோடு ஒப்பிட்டால் அரை வீத இலாபம் ஓராண்டின் இனிப்பு மாத்திரமே. ஆதலின் நகரத்துக் கிளையையே தெரிந்தோம்.

கையெழுத்திடும் நாளிலே ஒரு விடயம் எம் மனத்தைத் தொட்டது. காணி இல்லாளுடையது. ஆயினும், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைப் பாராதீனப்படுத்துதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் விதி. ஆகவே நாம் சம்மதக் கையெழுத்து இட்டோம். பேனாவை மேசைமேல் வைத்தபோது இல்லாள் மெல்லிய குரலில், "காணி என்னுடையது, சம்மதம் உங்களுடையது, கடன் இருவருடையது" என்றார். நொத்தாரிசு சிரித்தார். நாம் சிரிக்கவில்லை. சம்மதங் கேட்கப்பட வேண்டியவர் அவரேயன்றோ என்று தோன்றியது. உறுதி எழுதுமுன் அதன் ஒவ்வொரு நிபந்தனையையும் தமிழிலே அவருக்கு வாசித்து விளக்க வேண்டும் என்று நாம் கேட்டுப் பெற்றிருந்தோம். காணியை ஈடு வைப்பவர் தாம் எதில் ஒப்பமிடுகின்றார் என்பதை அறிதல், சட்டங் கேட்டாலுங் கேளாவிட்டாலும், நியாயம்.

முடிவிலே நாம் எடுத்த கடன் 50 இலட்சமன்று, 35 இலட்சம். மேல்மாடிக்கு விடவிருந்த படிக்கட்டும், முன்புறத்துப் பெரிய விறாந்தையும், மாபிள் தரையும் படத்திலிருந்து நீங்கின. அட்டவணையின் 12 வீதக் கணக்கிலே பதினைந்து ஆண்டுக்குத் தவணை 60,008 இலிருந்து 42,006 ஆகக் குறைந்தது. எம் உண்மை வீதம் சிறிது வேறுபட்டாலும் அளவு அதுவே. வட்டி பாதி பங்கு உயர்ந்தாலும், நாம் இருவரும் சம்பளம் எடுக்கும்வரை, உலைக்கு அரிசி இருக்கும் என்று கண்ட பின்னரே ஒப்பமிட்டோம்.

கடன் தேடும் குடும்பங்களுக்கு எம் அநுபவத்திலிருந்து சொல்லக்கூடியது இதுவே. வட்டி வீதம் என்னும் ஓர் எண்ணை மாத்திரங் கேட்டு வராதீர்கள். அது மாதத்துக்கா ஆண்டுக்கா, முழுத் தொகைக்கா மீதிக்கா, நிலையானதா மாறுவதா, முடிவுவரை மொத்தம் எவ்வளவு, தொடக்கச் செலவு எவ்வளவு, முன்கூட்டித் தீர்த்தால் என்ன, தவறினால் என்ன என்று கேளுங்கள். விடைகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குபவர் குறைந்த வீதம் சொன்னாலும் அவரிடமிருந்து விலகுங்கள். எழுதித் தருபவர் உங்கள் ஊரிலேயே இருப்பாராயின் அது மேலும் நன்று. ஐந்தாண்டு கழித்து ஐயம் வந்தாற் சைக்கிளிற் போய்க் கேட்கலாம். பிள்ளைகளையும் கணக்கிலே சேர்த்துக் கொள்ளுங்கள். வீட்டின் கடனை அறிந்து வளரும் பிள்ளை, அவ்வீட்டின் அருமையையும் அறிந்து வளரும்.

இப்பொழுது கூரை மரங்கள் ஏறிவிட்டன. மூன்றாங் கட்டப் பணத்துக்கு அடுத்த வாரம் உத்தியோகத்தர் வந்து பார்ப்பார். மகள் தன் அட்டவணையைப் பெரிய தாளிலே எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கின்றாள். ஒவ்வொரு மாதமும் தவணை கட்டிய இரவு இல்லாள் அதில் ஒரு கட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் அடிக்கின்றார். இன்னும் நூற்றெழுபத்தொரு கட்டங்கள் உள.